கொக்குவிலில் பழைய வீடு: குறை பார்த்த பிறகு விலையை எப்படிப் பேசுவது?

கொக்குவில்_ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியோடு ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறோம். தரகர் மூலம் 2 கோடியே 35 இலட்சம் என்று வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டாயிற்று. முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை. முன்பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர், ஓட்டுக் கூரை, நல்ல அகலமான விறாந்தை. பின்பக்கம் எண்பதுகளில் சேர்த்த குசினியும் ஓர் அறையும். அவற்றுக்கு மேலே கொங்கிறீட் பிளேட். வீடு ஒரு அக்காவின் சீதனம். அவ கனடாவில் இருக்கிறா. தம்பி அற்றோணித் தத்துவம் (அவவுக்காக விற்கும் எழுத்து அதிகாரம்) வைத்துக்கொண்டு இங்கே நின்று விற்கிறார்.

என் கணவருக்குத் தெரிந்த சிவில் எஞ்சினியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். குசினிப் பிளேட்டின் அடியில் கம்பி துருப்பிடித்துச் சீமெந்து பொரிந்து நிற்கிறது, அதன்மேல் அண்மையில் வெள்ளை அடித்திருக்கிறார்கள் என்றார். முன்வீட்டுக் கூரையில் ஒரு தீராந்தியையும் சில சிலாகைகளையும் கறையான் தின்றிருக்கிறது. வயரிங் குசினி கட்டிய காலத்தது, ட்ரிப் சுவிட்ச் இல்லை. சுவரில் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. இவை தவிர வெடித்த தரை ஓடு, கொளுவாத யன்னல், ஆடும் கதவு நிலை என்று சின்னச் சின்னக் குறைகள் இரண்டு பக்கத்துக்கு எழுதித் தந்திருக்கிறார்.

தரகரிடம் சொன்னேன். "பழைய வீடெண்டா உதெல்லாம் இருக்கும் ரீச்சர். பெயின்ற் அடிச்சுத் தருவினம், யோசிக்காதேங்கோ" என்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை. திருத்தித் தரச் சொல்வதா, விலையைக் குறைக்கச் சொல்வதா? எதைக் கேட்பது, எதை விடுவது? கேட்கப்போய் வீடு கைநழுவிப் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேசன்_மகன்

ரீச்சர், அந்த இரண்டு பக்கத்தில் முதலாவது வரிதான் முக்கியம். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

பிளேட்டின் அடியில் வெள்ளை அடித்த இடத்தைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல கொங்கிறீட் என்றால் கணீர் என்று கேட்கும். கம்பியை விட்டுப் பிரிந்த இடம் டொக்கு டொக்கென்று வெறுமையாகக் கேட்கும். அப்படிக் கேட்கும் இடத்தைச் சுற்றிச் சோக்கட்டியால் கோடு கீறிக்கொண்டே போங்கள். கடைசியில் நிமிர்ந்து பார்த்தால் பழுது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று படம் போட்டதுபோலத் தெரியும். அதைக் கைபேசியில் எடுத்து வையுங்கள். விலை பேசும்போது ஆயிரம் வார்த்தை பேசத் தேவையில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், அந்தக் காலத்தில் உப்பு மண்ணைக் கழுவாமல் கலவைக்குப் போட்டிருப்பார்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அதனால் உள்ளேயிருந்து தள்ளி அடிச் சீமெந்தை உடைக்கிறது. இதற்கு மேலே பூசி வெள்ளை அடித்தால் ஒரு மாரி தாங்கும், இரண்டு மாரி தாங்கும். பிறகு கட்டியாக விழும். குசினி வேறு, அடியில் ஆள் நின்று சமைக்கிற இடம்.

சரியான திருத்தம் என்றால், பொரிந்ததை முழுக்க உடைத்து, கம்பியின் பின்பக்கம் விரல் போகுமளவுக்குக் குடைந்து, துருவைச் சுரண்டி எடுத்து, கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, அதற்குரிய கலவையால் மூட வேண்டும். பாதிக்கு மேல் டொக்கென்று கேட்டால் பிளேட்டை இறக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் இலாபம். இரண்டு மேசன்மாரிடம் தனித்தனியே எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். "கிட்டத்தட்ட இவ்வளவு வரும்" என்று வாயால் சொன்ன கணக்கை விற்பவர் மதிக்க மாட்டார்.

கூரைக்கும் ஒரு வார்த்தை. மழையில்லாத காலத்தில் பழைய ஓட்டு வீடு பார்த்தால் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான். தோட்டக் குழாயை இழுத்து முகட்டிலிருந்து தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, உள்ளே நின்று மரத்தைப் பாருங்கள். தண்ணீர் ஓடிய பழைய இடங்களில் கறுப்புக் கோடு இருக்கும். மழைநீர் ஓடும் பீலி சுவரில் முட்டும் மூலையைத் தவறவிடாதீர்கள். வைரம் பாய்ந்த பனை மரத்தைக் கறையான் இலேசில் தொடாது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு ஊர் திரும்பியபோது கிடைத்த மரத்தைப் போட்டுக் கூரை வேய்ந்த வீடுகள் இங்கே ஏராளம். கறையான் பிடிப்பது பெரும்பாலும் அந்த மரங்களைத்தான். எந்த மரம் பழையது, எது பிறகு போட்டது என்று எஞ்சினியரைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். முழுக் கூரையும் மாற்ற வேண்டுமா, நாலு மரம் மாற்றினால் போதுமா என்பது அதில்தான் இருக்கிறது.

ரொறன்ரோ_சுன்னாகம்

விற்கிற பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அம்மாவின் வீட்டை நான் இங்கிருந்துகொண்டே விற்றேன். வாங்க வந்த முதல் ஆள் நீளமான பட்டியல் ஒன்று அனுப்பினார். அதில் கூரை ஒழுக்கும் இருந்தது, சாமியறைக் கதவில் பெயின்ற் உரிந்ததும் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை. அதைப் பார்த்ததும், இந்த மனிதர் விலையை இறக்க வழி தேடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பேச்சு அதோடு முறிந்தது. இரண்டாவதாக வந்தவர் இரண்டே விஷயம் கேட்டார், மூன்று படம் அனுப்பினார், ஒரு மதிப்பீடு வைத்தார். என்னால் மறுக்க முடியவில்லை.

நாங்கள் இங்கே வீடு வாங்கும்போது, வீட்டைப் பரிசோதித்துத் திருப்தி என்றால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போடலாம். அதற்குச் சில நாள் தவணை உண்டு. பரிசோதகரின் அறிக்கை வந்த பிறகு திருத்து, விலையைக் குறை, இல்லையென்றால் விலகுகிறேன் என்று பேசுவார்கள். 2021, 2022இல் வீட்டுக்கு அடிபிடி நடந்தபோது பலர் அந்த நிபந்தனையையே விட்டுக்கொடுத்து வாங்கினார்கள். பிறகு நிலக்கீழ் அறையில் தண்ணீர் ஊறியபோது கேட்க நாதியில்லை. வேறு ஆட்கள் பார்க்கிறார்கள் என்று தரகர் சொல்வதைக் கேட்டு நீங்கள் அவசரப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பிளேட்டை அடுத்து வருகிறவரும் பார்க்கத்தான் போகிறார்.

இன்னொன்று. கனடாவில் இருக்கும் அக்காவுக்குத் தன் வீட்டின் இன்றைய நிலைமை தெரியாமலே இருக்கலாம். தம்பி சொல்வதும் தரகர் சொல்வதும்தான் அவவுக்குத் தெரிந்தது. அவவோடு நேரே பேச வழி பாருங்கள்.

நொத்தாரிசு_கிளாக்கர்

காணிப் பத்திரம் (உறுதி) எழுதும் நொத்தாரிசு அலுவலகம் ஒன்றில் கன காலம் வேலை செய்கிறேன். சட்ட ஆலோசனையை உங்கள் நொத்தாரிசிடம்தான் பெற வேண்டும். ஆனாலும் சில விஷயங்களை வாங்குகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்லாமல் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் கையொப்பமாக வேண்டும். ஆகவே "பிளேட்டைத் திருத்தித் தருவம்" என்று தரகருக்கு முன்னால் சொன்ன சொல்லும், வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதிய துண்டும் அந்த விற்பனையோடு சேர்ந்து நிற்காது. திருத்தம், அதற்கான தவணை, திருத்தாவிட்டால் எவ்வளவு கழிப்பது, இவை மூன்றும் நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கையில் ஏற வேண்டும். முற்பணம் அந்த உடன்படிக்கையில் கையொப்பம் வைக்கும்போது கைமாறட்டும், அதற்கு முன்னால் வேண்டாம்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. நம் நாட்டில் விற்பனைக்கு ரோமன்-டச்சுச் சட்டம் பொருந்துகிறது. மறைந்திருக்கும் குறைபாட்டுக்கு விற்றவர் பொறுப்பு. வாங்கியவர் விலைக் குறைப்புக் கேட்கலாம், குறை பெரிதென்றால் விற்பனையையே முறிக்கக் கேட்கலாம். ஆனால் வாங்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருந்த குறைக்கு இந்தப் பரிகாரம் கிடையாது. எஞ்சினியர் எழுதித் தந்த இரண்டு பக்கமும் உங்கள் கையில் இருக்கிறது. அதில் உள்ள ஒன்றையும் உறுதி முடிந்த பிறகு "மறைத்துவிட்டார்கள்" என்று கேட்க முடியாது. பார்த்த குறையைக் கையொப்பத்துக்கு முன்னால் காசாகவோ எழுத்தாகவோ மாற்றிவிட வேண்டும். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வீட்டை ஆள் வைத்துப் பார்த்தவர்கள்தான் "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று அதிகம் விடுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் வேறு சிலவும் உண்டு. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அக்காவின் கணவர் சம்மதித்திருக்கிறாரா, எந்த வடிவில் என்று பாருங்கள். தம்பியின் தத்துவம் பதிவாகியிருக்கிறதா, அதில் ஆகக் குறைந்த விலை ஏதும் குறித்திருக்கிறதா என்றும் வாசியுங்கள். குறித்திருந்தால் அதற்குக் கீழே இறங்கத் தம்பிக்கு அதிகாரம் இல்லை, நீங்கள் அவரோடு எவ்வளவு பேசியும் பயனில்லை. பங்காளிகளுக்கும் விற்பவரின் வாரிசுகளுக்கும் 1947ஆம் ஆண்டின் சட்டப்படி முன்கொள்வனவு உரிமை, அதாவது மற்றவர்களுக்கு முன்னால் தாங்கள் வாங்கும் உரிமை உண்டு. அதற்கான அறிவித்தலை நொத்தாரிசு பார்த்துக்கொள்வார், நீங்கள் கேட்டு வைத்தால் போதும்.

குறைந்த விலையை உறுதியில் எழுதி மிச்சத்தைக் கையில் தரச் சொன்னால் உடன்படாதீர்கள். பிறகு விலைக் குறைப்பு என்று எங்கே போய் நின்றாலும் உறுதியில் உள்ள தொகைதான் உங்கள் விலை.

கோண்டாவில்_தோட்டம்

எல்லோரும் வீட்டையே பேசுகிறீர்கள். கிணறு எங்கே?

ரீச்சர், எங்கள் பக்கத்து நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் உள்ள கல். மலக்குழியில் போவது மண்ணில் வடிபடாமல் அந்த வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு வந்துவிடும். தோட்டத்துக்குப் போடும் உரமும் அப்படித்தான். வலிகாமக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற் போகாது. போத்தல் பால் குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை.

நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் இரண்டு விதப் பரிசோதனையும் செய்விக்கலாம், இரசாயனமும் கிருமியும். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய போத்தலில்தான் எடுக்க வேண்டும், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினைக்குப் பிறகு தண்ணீர் பரிசோதிக்கக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆவணி, புரட்டாதியில் கிணறு இறங்கியிருக்கும்போது ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எங்களுக்கு மேலே நன்னீரும் அடியில் உவர்நீரும் இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். மார்கழியில் ருசி பார்த்தால் எல்லாக் கிணறும் இனிக்கும்.

பிளேட்டைக் காசால் திருத்தலாம். தண்ணீரை அப்படித் திருத்த முடியாது. அதனால் இதன் முடிவு வந்த பிறகு மற்றதைப் பேசுங்கள். கிணறு முழுக்க அவர்களுக்கா, பங்குக் கிணறா என்றும் உறுதியில் பாருங்கள்.

கொக்குவில்_ரீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மேசன்_மகன் தம்பி சொன்னபடி சுத்தியலோடு போனோம். தம்பிக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு தானே ஏணி பிடித்தார். குசினிப் பக்கம் முக்கால்வாசியும் டொக்கென்றுதான் கேட்டது. ஓரிடத்தில் நான் இலேசாகத் தட்ட, உள்ளங்கை அளவு துண்டு விழுந்தது. உள்ளே கம்பி, பென்சில் மொத்தம்கூட இல்லாமல் கறுத்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு தம்பிக்காரர் பெயின்ற் கதையை எடுக்கவேயில்லை.

கிணறு பங்குக் கிணறுதான். உறுதியில் "கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்காலும்" என்று இருக்கிறது. மற்றப் பங்கு பக்கத்து வீட்டுக்கு. அவர்களின் குசினித் தண்ணீர் வேலியோரமாக ஓடிக் கிணற்றடிக்குக் கிட்ட வந்து தேங்குகிறது. தண்ணீர் கொடுத்திருக்கிறோம், முடிவு வரவில்லை.

லண்டன்_வதிரி

ரீச்சர், விலையைக் குறைக்கக் கேட்பதற்கு மாற்றாக நான் ஒன்று சொல்லப்போகிறேன். திருத்தித் தரச் சொல்லுங்கள். காசைக் குறைத்துக்கொண்டால் மேசனைப் பிடிப்பது, கம்பி, சீமெந்து வாங்குவது, வேலை நடக்கும்போது நிற்பது எல்லாம் உங்கள் தலையில். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு வாங்கின கையோடு கையில் காசும் இருக்காது. இங்கே நாங்கள் வீடு வாங்கும்போது சர்வேயர் அறிக்கையைக் காட்டி விலையைக் குறைத்தோம், உண்மை. ஆனால் இங்கே கடனும் கிடைக்கும், வேலையாளும் கிடைப்பான். ஊரில் நல்ல மேசன் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மேசன்_மகன்

அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பிளேட்டுக்கு அது சரிவராது. விற்றுவிட்டுப் போகிற ஆள் அந்த வேலையை எப்படிச் செய்விப்பார்? ஆகக் குறைந்த கூலிக்கு யார் வருகிறார்களோ அவர்களிடம் கொடுப்பார். கம்பிக்குப் பின்னால் குடைய மாட்டார்கள். முகத்தில் பூசி, ஒப்பமாக்கி, இரண்டு கோட் பெயின்ற் அடித்துவிட்டால் எஞ்சினியரே வந்தாலும் உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. மூடிவிட்டால் தெரியாத வேலையை விற்பவர் கையில் விடக்கூடாது. அந்த வேலையில் குடியிருக்கப் போகிறவர் நின்று பார்க்க வேண்டும்.

பீலி மாற்றுவது, யன்னல் கொளுக்கி, உடைந்த ஓடு போடுவது போன்றவற்றை விற்பவரே செய்து தரலாம். கண்ணுக்குத் தெரிகிற வேலை அது.

நொத்தாரிசு_கிளாக்கர்

இதில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. சில வேலைகளை விற்பவரால் மட்டும்தான் செய்ய முடியும். பக்கத்து வீட்டுக் குசினித் தண்ணீரைத் திருப்பச் சொல்வது அப்படிப்பட்டது. அவர்களோடு நாற்பது வருசம் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த குடும்பம் போய்ச் சொன்னால் அது ஒரு கதை. நேற்று வந்த நீங்கள் போய்ச் சொன்னால் அது சண்டையின் தொடக்கம். பாக்கி மின்கட்டணம், சேவையர் வந்து எல்லைக் கல் காட்டுவது, கிணற்றுப் பங்கு பற்றிய பேச்சு இவையும் அந்த வகை. இவற்றுக்குக் காசு கழிக்காதீர்கள். உடன்படிக்கையில் தவணையோடு எழுதி, முடித்த பிறகுதான் உறுதி என்று வையுங்கள்.

வண்ணார்பண்ணை_ஐயா

பிள்ளை, நான் பேச்சு முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் தரகர் கையில் கொடுத்தனுப்பாதே. அவர் போய் "அவை குறை சொல்லினம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். விலை கூடினால் அவருக்குக் கூலியும் கூடும், அதை மனதில் வை. நேரே போ, கணவரையும் கூட்டிக்கொண்டு போ. சீதன வீடு என்றால் அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. முதலில் விறாந்தையைப் பற்றியும் சுவரின் தடிப்பைப் பற்றியும் உனக்குப் பிடித்ததைச் சொல். முகத்துக்காகச் சொல்லும் வார்த்தை அது என்று நினைக்காதே. பிடித்ததால்தானே வாங்க நிற்கிறாய்.

பிறகு சின்னக் குறைகளை நீயாகவே தள்ளிவிடு. தரை ஓடு, கதவு, சுவர் உப்பு எல்லாம் பழைய வீட்டோடு வருவதுதான், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வாயால் சொல். அதைக் கேட்டபின் மிச்சம் இருக்கிற இரண்டு மூன்றையும் அவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். தொகையை நீ சொல்லாமல் மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடு, அவர்களே வாசிக்கட்டும். வாசித்து முடியும்வரை பேசாமல் இரு. அந்த நேரத்தில் பதற்றத்தில் நாமே விலையைக் கூட்டிச் சொல்லிவிடுவோம்.

கொக்குவில்_ரீச்சர்

பேச்சு முடிந்தது. எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

தண்ணீர் முடிவு முதலில் வந்தது. நைத்திரேற் எல்லைக்குள் இருக்கிறது. கோலிபோம் கிருமி இருக்கிறது. கிணற்றைக் கலக்கி இறைத்துக் குளோரின் போடவும், அந்தக் குசினித் தண்ணீரைத் தடுக்கவும் சொன்னார்கள். அதனால் தொடர்ந்து பேசலாம் என்று தீர்மானித்தோம்.

ஞாயிறு பின்னேரம் விறாந்தையில் இருந்துதான் பேசினோம். தம்பிக்காரர் அக்காவை வட்ஸ்அப்பில் எடுத்தார், அவவின் கணவரும் பக்கத்தில் இருந்தார். ஐயா சொன்னபடி சின்னக் குறைகளை முதலில் விட்டுக்கொடுத்தோம். பிறகு கைபேசியைக் குசினிக்குள் கொண்டுபோய்ச் சோக்கட்டிக் கோடுகளைக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த மூலை அம்மா இருக்கேக்கையே சொட்டினது" என்று மட்டும் சொன்னா. வெள்ளை அடித்த விஷயம் தனக்குத் தெரியாது என்று தம்பியிடம் கேட்டா. அவர் தரகர் சொல்லித்தான் அடித்தாராம்.

நாங்கள் கொடுத்த மதிப்பீடு பிளேட்டுக்கு 9 இலட்சம், கூரை மரத்துக்கு 4 இலட்சம், வயரிங்குக்கு 4 இலட்சம். மொத்தம் 17. தம்பிக்காரர் 8 தருவதாகத் தொடங்கினார். அக்காவின் கணவர்தான் நியாயமாக ஒன்று கேட்டார்: "பழைய வயரிங்குக்குப் புது வயரிங்கின்ர முழுக்காசையும் நாங்கள் தரவேணுமோ? பழசெண்டு தெரிஞ்சுதானே விலை பேசினனீங்கள்?" எனக்கு அதில் மறுப்புச் சொல்ல வரவில்லை. வயரிங் பழையது என்பது சுவரைப் பார்த்தாலே தெரியும், அந்த விலைக்குள் அது அடங்கித்தான் இருந்தது. பிளேட் அப்படியில்லை, அதை மூடியிருந்தார்கள். இந்த வித்தியாசத்தை வைத்தே மிச்சத்தையும் பேசினோம். பிளேட்டுக்கு 9ஐயும் முழுதாக ஏற்றுக்கொண்டார்கள். கூரையில் பிறகு போட்ட மரங்களுக்கு மட்டும் இரண்டரை. வயரிங்குக்குப் பாதி, 2. ஆக 13 இலட்சத்து 50 ஆயிரம் குறைத்து 2 கோடியே 21 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு முடிந்தது. பீலியை அவர்களே மாற்றித் தருகிறார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீரைத் தம்பிக்காரர் பேசித் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தத்துவத்தில் விலை குறிக்கவில்லை. கணவரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறது. உடன்படிக்கை அடுத்த கிழமை எழுதுகிறோம். வேறு ஏதும் கவனிக்க இருக்கிறதா?

ரொறன்ரோ_சுன்னாகம்

சந்தோசம் தங்கச்சி. அக்காவின் கணவர் கேட்டது சரியான கேள்வி, நீங்கள் எடுத்துக்கொண்ட விதமும் சரி. நான் விற்றபோதும் மனம் நொந்தது விலை குறைந்ததால் இல்லை, கண்ணுக்குத் தெரிந்த பழசுக்கெல்லாம் காசு கேட்டதால்தான்.

நொத்தாரிசு_கிளாக்கர்

உடன்படிக்கையில் 2 கோடியே 21 இலட்சத்து 50 ஆயிரம் என்ற இறுதி விலையையே எழுதுங்கள். பழைய விலையை எழுதிவிட்டுக் கழிவு பிறகு என்று விடவேண்டாம். பீலிக்கும் வாய்க்காலுக்கும் திகதி போடுங்கள். அந்தத் திகதிக்குள் முடியாவிட்டால் எவ்வளவு கழியும் என்றும் எழுதுங்கள். உறுதிக்கு முதல் நாள் வீட்டை ஒருமுறை பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மோட்டர், தண்ணித்தாங்கி, மின்விசிறிகள் வீட்டோடு வருகின்றனவா என்பதும் அதிலேயே வரட்டும். இவற்றால் கடைசி நாளில் முகம் முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேசன்_மகன்

ரீச்சர், பிளேட்டை ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கிவிடுங்கள். இறக்கும்போது பக்கத்து அறைப் பிளேட்டுக்கும் முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கம்பியில் தொடர்ந்து போயிருக்கும். புதுப் பிளேட்டுக்கு ஆற்று மணல்தான் என்று மேசனிடம் முதலே பேசிக்கொள்ளுங்கள், லோட் வந்து இறங்கும்போது ஆள் நிற்கட்டும்.

சுவர் உப்புக்கு யாரும் வந்து சீமெந்தால் பூசித் தருகிறேன் என்றால் விடாதீர்கள். அது சுண்ணாம்புச் சுவர், ஈரம் வெளியே போக வழி வேண்டும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். பழைய பூச்சை மூன்றடிக்கு உரித்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தாலேயே பூச வேண்டும். அந்த வேலை தெரிந்த வயதான மேசன்மார் திருநெல்வேலிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். காய்ந்த பிறகு இங்கே எழுதுங்கள், ஆள் சொல்கிறேன்.